காத்திருக்கும் வலிமை: நெருக்கடிக் காலங்களில் காஞ்சித் தறிக் குடும்பங்கள்

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பட்டு நெய்கிறவர்களுக்கு அது ஓய்வில்லாத பருவம். சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கும். கடைக்காரர் சொன்ன தேதிக்குச் சேலை போய்ச் சேர வேண்டும். திருப்பருத்திக்குன்றம், பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று காஞ்சிபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் தறிகளில் பாவு (நெசவுக்கான நீளவாக்கு இழைகள்) ஏறியிருந்தது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெய்கிறவர் வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. ஊரடங்கு தொட முடியாத தொழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றியிருக்கும். கையிலிருந்த பாவை நெய்து முடித்தார்கள். அடுத்த பாவு வரவில்லை. பெங்களூரிலிருந்து பட்டு நூல் வரவில்லை, சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை, சென்னைக் கடைகள் திறக்கவில்லை. நெய்து முடித்த சேலைக்கே கூலி நின்றுபோன வீடுகள் உண்டு.

வழக்கமாக ஒரு பாவில் மூன்று சேலை நெய்யலாம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவரின் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, முன்பெல்லாம் பிள்ளை. தார் சுற்றுவது வீட்டிலுள்ள முதியவர். மூன்று பேரின் உழைப்பு ஒரே கூலியாக வீட்டுக்கு வருகிறது. மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், பள்ளிக்கூடச் செலவு எல்லாவற்றுக்கும் தவணை அந்தப் பாவுதான். "இந்தப் பாவு இறங்கட்டும், பார்க்கலாம்" என்பது தறி வீட்டில் தினமும் காதில் விழும் பேச்சு. திட்டமிடக்கூடிய எதிர்காலம் அங்கே ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம்.

பஞ்சம், போர், பணமதிப்பிழப்பு, கொள்ளைநோய் என்று நாட்டுக்கு வரும் நெருக்கடிகள் பலவகை. தறி வீட்டுக்குள் நுழையும்போது அவை அனைத்தும் ஒரே கேள்வியாகின்றன: இந்தக் குடும்பத்தால் எத்தனை வாரம் காத்திருக்க முடியும்? வியாபாரி சேலையை அலமாரியில் அடுக்கிவைத்துக் காத்திருக்கலாம். பட்டு அழுகிப்போகும் பொருளன்று. கல்யாண வீட்டாரும் தேதியைத் தள்ளிவைத்துக் காத்திருக்கலாம். நெய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. நெருக்கடியில் குடும்பங்கள் காட்டும் தாங்குதிறனை அறிக்கைகள் பாராட்டுகின்றன. கிட்டே போய்ப் பார்த்தால், காத்திருந்த ஒவ்வொரு வாரத்தையும் அந்தக் குடும்பம் எதையோ விட்டுக்கொடுத்து வாங்கியிருப்பது தெரிகிறது. எதை, யாருடையதை என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

*

தொடக்கத்தில் சொன்ன தறி ஊர்களுள் ஒன்றான, வேகவதி ஆற்றங்கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றத்துக்கு ஜினகாஞ்சி என்ற பெயரும் உண்டு. பல்லவர் காலத்தில் தோன்றிய சமணக் கோயில் இங்கே இருக்கிறது. நெருக்கடியைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரின் இன்னொரு செய்தியும் முக்கியம். தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இன்று இங்கே இல்லை. செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேல்சித்தாமூருக்கு அது பெயர்ந்துவிட்டது. போன இடத்திலும் தன் பழைய ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

இப்படி இடம்பெயர்வது காஞ்சிக்குப் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படை வரும் என்ற அச்சத்தில் வரதராசப் பெருமாள் கோயிலின் உற்சவ மூர்த்தியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1710இல் மூர்த்தி திரும்பி வந்த செய்தியைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இப்படிக் கொண்டுபோகப்பட்ட காமாட்சியம்மனின் பொன் மூர்த்தியான பங்காரு காமாட்சி திரும்பவேயில்லை, தஞ்சாவூரிலேயே நிலைத்துவிட்டாள். அவளுக்குப் பூசை செய்த பரம்பரையும் ஊர் ஊராக அவளோடு நடந்தது. அந்தப் பரம்பரையில் 1762இல் திருவாரூரில் பிறந்தவர்தான் கர்நாடக இசை மேதை சியாமா சாஸ்திரி. ஓடிப்போன குடும்பங்களில் சில திரும்புகின்றன, சில போன இடத்தில் வேர்விடுகின்றன. கடவுளைச் சுமந்து சென்றவர்களுக்குப் போன இடத்தில் அரசர் ஆதரவு கிடைத்தது. ஆனால் நெசவாளரால் குழித்தறியைத் தோண்டி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. காஞ்சியில் முகாமிட்டிருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். படை போவதும் வருவதுமான அந்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்துத் தறிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் போர் வரலாறுகள் பெரிதாகப் பேசுவதில்லை.

நெசவாளர்கள் எப்போதும் இப்படிக் கையேந்தும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு காஞ்சியின் நெசவாளர் சேரிகளைப் பற்றிப் பேசுகிறது. அரசனுக்கு ஆடை நெய்த அந்தச் சேரியார் ஊரகத்துக் கோயிலின் பொன்னை வட்டிக்கு ஏற்றார்கள். அந்த வட்டியில் கோயில் காரியங்கள் நடந்தன. கோயில் நிர்வாகத்திலும் அவர்களுக்குப் பொறுப்பு இருந்தது. முதல் கையில் இருந்தது, கூட்டாகப் பொறுப்பேற்கும் அமைப்பும் இருந்தது. காத்திருக்கும் வலிமை என்று நான் சொல்வது இவ்விரண்டும் சேர்ந்ததைத்தான். பிற்காலத்தில் முதல் வியாபாரியிடம் போனது, அமைப்பு உடைந்தது, தறி மட்டும் வீட்டில் தங்கியது.

*

அதன் விளைவு தாது வருடத்தில் தெரிந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. மழை பொய்த்தால் உழவர் பட்டினி கிடப்பார் என்பது எளிதில் புரிகிறது. ஆனால் நெசவாளர் உழவருக்கு முன்பே வீழ்ந்தார். அவருக்கு விளைச்சலோடு நேரடித் தொடர்பே கிடையாது. அரிசி விலை ஏறியதும் ஊரார் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. நெசவாளரின் பொருளுக்கு மதிப்பு விழுகிறது; அவர் வாங்க வேண்டிய அரிசிக்கு மதிப்பு ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் குடும்பம் நசுங்குகிறது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலில் பஞ்சங்களுக்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுவே: உணவு இல்லாமல்போவதைவிட, உணவைப் பெறும் உரிமையை ஒரு பிரிவினர் இழப்பதே சாவுக்குக் காரணம். 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அவர் எழுதியது காஞ்சித் தறிக்காரருக்கு அப்படியே பொருந்தும்.

பஞ்ச நிவாரணம் என்று அன்றைய அரசு கொடுத்தது பெரும்பாலும் மண் வேலை: சாலை போடுவது, கால்வாய் வெட்டுவது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டப்பட்டதுதான். நெய்கிறவரை மண் வெட்ட அனுப்புவதில் ஒரு கேடு உண்டு. பட்டிழை முடியைவிட மெல்லியது. கை காய்த்துப்போனால் இழை கையிலேயே சிக்கும், அறும். ஆறு மாதம் கல் உடைத்துவிட்டுத் தறிக்குத் திரும்புகிறவர் பழைய நெசவாளராகத் திரும்புவதில்லை. இதைப் புரிந்துகொண்டதால்தான் பிற்காலப் பஞ்ச விதித்தொகுப்பில், நெசவாளருக்கு நூல் கொடுத்து அவர் தொழிலிலேயே கூலி தரும் நிவாரண முறை இடம்பெற்றது. காலனி அரசின் பஞ்ச நிர்வாகத்தில் பாராட்டத்தக்கவை மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

2020இல் என்ன நடந்தது? நகரத்தில் வேலையிழந்தோர் கிராமங்களுக்குத் திரும்ப, நூறு நாள் வேலைத் திட்டம் இதுவரை கண்டிராத அளவுக்கு விரிந்தது; 2020-21இல் நாடு முழுவதும் 389 கோடி மனித வேலைநாள்கள். அது கோடிக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றியது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பட்டு நெசவாளருக்கு அது மண்வெட்டியைத்தான் நீட்டியது. அதுவும் ஊராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு மட்டும். பிள்ளையார்பாளையம் போல நகர எல்லைக்குள் இருக்கும் நெசவுத் தெருக்களுக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை. தொழிலிலேயே நிவாரணம் என்று 19ஆம் நூற்றாண்டு கற்ற பாடம் 21ஆம் நூற்றாண்டில் யார் நினைவிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் வேறுவிதமாக வந்தது. ஜப்பானியப் பட்டின் வரத்து நின்றது. பாராசூட் துணிக்காக மைசூர், கொள்ளேகால் பட்டுக்குப் போர்த்துறையின் தேவை கூடியது. பட்டு வளர்த்தவருக்கு அது நல்ல காலம், நெய்தவருக்கு நூல் பஞ்சம். ஒரே நெருக்கடி ஒரே தொழிலில் ஒருவரை உயர்த்தி மற்றவரை வீழ்த்தும்.

1952இல் வந்தது தேக்கம். கொரியப் போர்க்கால விலையேற்றம் சரிந்து, கைத்தறித் துணி கட்டுக்கட்டாகத் தேங்கியது. பருத்தி நெசவாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அப்போது நடந்தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சமூகம் தன் நெசவாளர்களுக்காகக் காத்திருக்கும் சுமையில் பங்கெடுத்துக்கொண்ட அரிய தருணம் அது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1953 சனவரியில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார்; அவருடைய இயக்கத்தார் மற்ற ஊர்களில் விற்றார்கள். எதிர்முனையில் இருந்த முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசோடு மல்லுக்கு நின்றார். அரசியலில் கடும் எதிரிகளான இருவரும் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றார்கள். 1952 அக்டோபரில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953இல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்படி கூடுதல் வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் பெருகியதும், பண்டிகைக்காலத் தள்ளுபடி விற்பனை வழக்கமானதும் அந்த நிதியின் பலத்தில்தான்.

அந்த வாரியம் 2020 சூலை இறுதியில் கலைக்கப்பட்டது. ஊரடங்கின் நடுவில், தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7க்குச் சில நாள்கள் முன்பு. அந்த நாளை 2015இல் தொடங்கிவைத்த விழா சென்னையில் நடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. வாரியம் கடைசி ஆண்டுகளில் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நெசவாளர் தரப்பினர் அமைச்சரோடு ஒரே மேசையில் உட்கார அது ஓர் இடமாக இருந்தது.

*

காஞ்சித் தறிக் குடும்பங்களுக்கு 2016 முதல் ஆறு ஆண்டுகள் அடிமேல் அடி. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பில் ரொக்கத்தில் நடந்த கூலிப் பட்டுவாடா முடங்கியது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. கைத்தறிச் சேலைக்கும் 5 சதவீதம். 2019இல் ஒரு சிறு வெளிச்சம்: வரதராசப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் காஞ்சிக்கு வந்தார்கள், பட்டுக் கடைகள் நிரம்பின. எட்டு மாதத்தில் ஊரடங்கு. கல்யாணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாட்டில் பெண்ணுக்குக் கூறைச் சேலை எடுப்பது நிற்கவில்லை. அத்தைக்கும் சித்திக்கும் நாத்தனாருக்கும் எடுப்பது நின்றது. விலையுயர்ந்த முகூர்த்தச் சேலையைவிட இந்த உறவுமுறைச் சேலைகளே தறிகளை ஆண்டு முழுவதும் ஓடவைத்தவை. 2021 இறுதியில் வியாபாரம் திரும்பும் நேரத்தில் கச்சாப் பட்டின் விலை கடுமையாக ஏறியது.

இந்த ஆண்டுகளைக் குடும்பங்கள் எப்படிக் கடந்தன? முதலில் போனது பெண்களின் நகை. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த கடன் வரம்பை 90 ஆக உயர்த்தியது. ஒரு நாட்டின் மத்திய வங்கியே குடும்பங்களின் தாலிக்கொடியை நெருக்கடி நிதியாகக் கருதியது என்பதுதான் அதன் பொருள். அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. தகுதி பெற்ற வீடுகளில் நகை திரும்பி வந்தது. தனியார் அடகுக் கடையில் வைத்தவர்களுக்கு அந்த வழி இல்லை. அவசரத்துக்கு இரவில் கதவைத் தட்டக்கூடிய இடம் தனியார் கடைதான் என்பதால், அதிகம் நெருக்கப்பட்ட குடும்பமே அதிகம் இழந்தது.

நகைக்குப் பிறகு முன்பணம். தனியாரிடம் கூலிக்கு நெய்யும் வீடுகளில் இது பழைய கதை. மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார்கள், கூலியில் பிடித்துக்கொள்வார், பாவு இல்லாத மாதங்களில் தொகை கூடும். முன்பணம் இருக்கும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலியை உயர்த்திக் கேட்கவும் முடியாது. இதில் முதலாளியை அரக்கனாகக் காட்டுவது எளிது, ஆனால் முழு உண்மை அதுவல்ல. ஊரடங்கில் வேலையே இல்லாதபோதும் அரிசிக்குப் பணம் கொடுத்த முதலாளிகள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தாமே ஒரு தலைமுறைக்கு முன் தறியில் உட்கார்ந்தவர்கள். சிக்கல் ஆளிடம் இல்லை. காத்திருக்க ஆகும் செலவைத் தனியார் கடனாக மட்டுமே ஏற்பாடு செய்துவைத்திருக்கும் முறையில் இருக்கிறது. அந்த முறையில் நெருக்கடி முடிந்த பின்னும் குடும்பத்துக்கு நெருக்கடி முடிவதில்லை. அடுத்த பத்து ஆண்டுக் கூலியில் அது பிடித்தம் செய்யப்படுகிறது.

பழைய காலத்தில் அந்தக் கடனுக்கு ஈடு பிள்ளை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்டு வேலை செய்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் முக்கிய இடம் பெற்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கைக்குப் பின் வந்த ஆண்டுகளில் அரசும் தொண்டு நிறுவனங்களும் பெற்றோரும் சேர்ந்து இந்த வழக்கத்தைப் பெருமளவு மாற்றினார்கள். காஞ்சிபுரம் பெருமைப்பட வேண்டிய சாதனை இது, பட்டுக்கு வாங்கிய விருதுகளைவிடப் பெரியது. ஊரடங்கு அதையும் உலுக்கியது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பிள்ளை வீட்டில், தறியும் வீட்டில். தார் சுற்றச் சொல்லாத தாயைக் குறை சொல்ல முடியாது, சொன்ன தாயையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பெண்களின் உழைப்பு கணக்கில் வராமலே கூடியது. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20இல் நடந்தது. அதன்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம், பத்தாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பில் 43.31 லட்சம். இந்த 35.22 லட்சத்தில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். ஊரடங்குக்கு முந்தைய நிலைமை இது. காஞ்சியில் கோர்வைத் தறியின் கரையைத் தள்ளுகிற மனைவிக்குத் தனிக் கூலி கிடையாது, சங்கத்தில் உறுப்பினர் எண் கணவர் பெயரில். நிவாரணம் எண்ணைப் பார்த்து வருகிறது.

*

கடைசியில் தொழிலே கைவிடப்படுகிறது. இதைத் தோல்வி என்று பேசுவோர் தறியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, பத்து மணி நேரம். பிள்ளை இதற்கு வரக் கூடாது என்று நினைக்கும் தகப்பன் தன் மரபை அவமதிக்கவில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டாரத்தில் ஆளேற்றிப் போகின்றன. மாதம் பிறந்தால் சம்பளம், அதுதான் ஈர்ப்பு. தொகையைவிட அந்த நிச்சயம் பெரிது.

அந்த நிச்சயமும் உறுதியானதல்ல. 2006இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை உலகின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்து 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலையிழந்தோரில் பலர் முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர்கள். ஆகவே குடும்பங்கள் எல்லா முட்டையையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒரு பிள்ளை கம்பெனிக்கு, ஒருவர் தறியில், மகள் கல்லூரிக்கு. தகப்பன் தறியை விற்பதில்லை, மடக்கி வைக்கிறார். கம்பெனி மூடினால் திரும்ப ஓர் இடம் வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் ஆய்வாளர் "தொழில் அழிகிறது" என்று எழுதுகிறார், வேறொருவர் "தொழில் பிழைத்திருக்கிறது" என்று எழுதுகிறார். குடும்பம் இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் சங்கத்தின் அருமை தெரிகிறது. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை இங்கேயே இருந்து ஆராய்ந்த யுவோன் ஆர்ட்டர்பர்ன் 1982இல் தம் நூலை வெளியிட்டார். ஒருவரையொருவர் சார்ந்திருப்பதே அந்நூலின் தலைப்பு. "சொசைட்டி" என்று ஊரார் சொல்லும் இந்தச் சங்கங்கள் நூலும் ஜரிகையும் கொடுத்து, சேலையை வாங்கி, கூலி கொடுத்து, விற்கிற வேலையைத் தாமே ஏற்கின்றன. விற்காத சேலை சங்கத்தின் கிடங்கில் காத்திருக்கும்; நெசவாளர் காத்திருக்க வேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் போட, 4 காசு அரசு சேர்க்கிறது. தறி வீட்டுக்கு இலவச மின்சாரம் 2023இல் இரு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்ந்தது. ரேஷன் அரிசியையும் சேர்த்துப் பார்த்தால், தாது வருடத்துக்கும் 2020க்கும் நடுவே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது விளங்கும். தாது வருடத்துப் பட்டினிச் சாவுகள் 2020இல் திரும்பவில்லை என்பதற்குப் பின்னால் இந்த அமைப்புகள் இருந்தன.

ஓட்டையும் அங்கேதான். சேமிப்புத் திட்டம் கூலியோடு கட்டப்பட்டிருக்கிறது. கூலி நின்றால் சேமிப்பும் அரசுப் பங்கும் சேர்ந்தே நிற்கும். நல்ல காலத்தில் கொடுத்து, கெட்ட காலத்தில் கையை இழுத்துக்கொள்ளும் திட்டம் அது. சங்கத்தின் கிடங்கு நிரம்பிவிட்டால் சங்கமும் பாவு கொடுப்பதைக் குறைக்கிறது. சங்கத்துக்கு வெளியே தனியாரிடம் நெய்கிறவர்களுக்கு இந்தச் சேமிப்பும் இல்லை, கிடங்கும் இல்லை.

கட்டுமானத் தொழிலாளருக்கு வேறு ஏற்பாடு இருந்தது. 1996 சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நல நிதிக்குப் போனது. ஊரடங்கு அறிவித்த அதே 2020 மார்ச் 24 அன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், சேர்ந்திருந்த சுமார் 52,000 கோடி ரூபாயிலிருந்து தொழிலாளரின் வங்கிக் கணக்கில் பணம் போடும்படி மாநிலங்களுக்கு எழுதியது. கொடுத்த விதத்தில் குறைகள் இருந்தன; கொடுப்பதற்குப் பணம் இருந்தது. பட்டுக்கு அப்படி ஒரு நிதி இல்லை. சென்னை தியாகராய நகரிலும் காஞ்சிபுரம் காந்தி சாலையிலும் பல மாடிகளாக உயர்ந்து நிற்கும் கடைகளின் பட்டு விற்பனையில் அரை சதவீதம் எடுத்தாலும், நெருக்கடி மாதங்களில் ஓடாத தறிக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க ஒரு நிதி உருவாகும். சங்க உறுப்பினர், தனியார் கூலிக்காரர் என்ற வேறுபாடு அதில் இருக்கக் கூடாது. தறிக்கு எண் கொடுத்து, நெய்கிறவர் இருவரின் பெயரையும் அதில் பதிய வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன; அந்தப் பெயரால் கடைகள் ஈட்டுவதில் ஒரு சிறு பங்கைக் கேட்பது தருமம் கேட்பதாகாது. சேலை வாங்குகிறவருக்கு அது பத்தாயிரத்துக்கு ஐம்பது ரூபாய்.

அடுத்த நெருக்கடியின் அறிகுறி ஜரிகையில் தெரிகிறது. ஜரிகை, பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அதில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும். 2024இல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, அங்கே நிற்கவும் இல்லை. சேலை விலை ஏறும், வாங்குகிறவர் தயங்குவார், வியாபாரி பாவு கொடுப்பதைத் தள்ளிப்போடுவார். அடுத்த நெருக்கடிக்குத் தொலைக்காட்சியில் அறிவிப்பு எதுவும் வராது. நிதிக்கான சட்டத்தை எழுத இதுதான் நேரம்.